ஏழு ஸ்டூடியோக்களுக்கு நான் கொடுத்த மச்சம்

1. கான்ஸ்டபிள் கொண்டுவந்த நான்கு முகங்கள்

திருப்பதியில் என் ஸ்டூடியோவுக்கு வராத ஆள் கிடையாது. எம்.எல்.ஏ. வந்திருக்கிறார், தோற்றுப்போன பிறகும் வந்திருக்கிறார். அமெரிக்கா மாப்பிள்ளைகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் போலீஸ் வந்தது என் தொழிலில் ஒரே ஒரு தடவைதான். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமையை எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

வந்தவர் பிச்சாட்டூர்ப் பக்கத்துக் கான்ஸ்டபிள். பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டவர்களின் வீட்டுக்குப் போய், ஆள் நிஜம்தானா என்று பார்த்து எழுதுகிற வேலை அவருடையது. கவுண்டர் மேல் நான்கு மனுக்களைச் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாக வைத்தார். நான்கிலும் பெண்கள். நான்கு பேரும் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்தவர்கள்.

"எஃபெக்ட் அண்ணன்னு சொல்றாங்களே, அது நீதானா?"

"ஆமா சார்." கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

"இந்த நாலு போட்டோவயும் பாரு. இன்னா தெரியுது?"

"லைட்டிங் சுமார் சார். ஆனா கலர் நம்ம எஃபெக்ட். அதான் இவ்ளோ பளிச்சுனு கீது."

"கலர நான் கேக்கல. கன்னத்தப் பாரு."

பார்த்தேன். நான்கு பேருக்கும் இடது கன்னத்தில் ஒரு மச்சம். மிளகை ஒட்டவைத்த மாதிரி. நூல் பிசகாமல் ஒரே இடம்.

"போட்டோல மச்சம் கீது. ஃபாரத்துல அடையாளம் எழுதற எடத்துல, இடது கன்னத்தில் மச்சம்னு எழுதிக் கீது. வீடு வீடா போய்ப் பாத்தா மூஞ்சில மட்டும் லேது. நாலு பேருக்கும் இல்ல! போட்டோ புடிச்ச பிச்சாட்டூர் சுதாகரக் கேட்டா, திருப்பதி அண்ணனோட எஃபெக்ட் சார், அவரயே கேளுங்கன்றான். இன்னா மேஜிக்யா இது?"

அது எனக்குத் தெரிந்த மச்சம்.

2. அட்டை அடித்த கை

நான் படித்தது நான்காம் வகுப்பு. அதிலும் பாதி தெலுங்கு, பாதி தமிழ். வாலிப வயதுவரை நகரியில் தறிக்கு அட்டை அடித்தேன். கம்ப்யூட்டர் வந்த பிறகு பிறந்தவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியாது. புடவைக் கரையில் மயில் வரவேண்டும் என்றால் அந்த மயிலைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, தடித்த அட்டையில் ஓட்டைகளாகப் போடவேண்டும். அட்டையைத் தறிமேல் ஏற்றிவிட்டால் எந்த நூலைத் தூக்குவது என்று ஓட்டையே சொல்லிவிடும். நெய்கிறவன் மயிலைப் பார்த்திருக்கவே வேண்டாம். மயில் தானாக வந்து கரையில் உட்காரும்.

அங்கே இருந்த மேஸ்திரி புதிதாகச் சேர்ந்தவனுக்கு ஒரே ஒரு பாடம்தான் நடத்துவார்.

"ஓட்டை ஒண்ணு தப்பா வுழுந்தா மயிலுக்குக் கண்ணு போவும்டா. ஒரு மயிலுக்கு இல்ல, நெய்யற அத்தன மயிலுக்கும். ஏத்தறதுக்கு முன்னால ஒரு மொழம் ஓட்டிப் பாரு."

இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. புளித்த பாடம்தான் பின்னால் பல்லைக் கூசவைக்கும்.

பிறகு திருப்பதிக்கு வந்து ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் காயவைக்கிற வேலையில் சேர்ந்தேன். வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கதவு திறந்துவிட்ட காலம். எங்கள் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, அதைத் தன் மருமகனிடம் ஒப்படைத்தார். மருமகன் பி.எஸ்ஸி. படத்தை மெருகேற்றும் சாஃப்ட்வேருக்குத் தலையணை மாதிரி ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. அவர் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஆறு மாசம் கழித்து நூறாம் பக்கத்தில் இருந்தார். அதற்குள் நான் ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் எழுத்தைப் படித்தார், நான் படத்தைப் பார்த்தேன். கத்தரிக்கோல் படம் இருந்தால் வெட்டும், வாளிப் படம் இருந்தால் கலர் ஊற்றும். இதற்குப் பட்டம் எதற்கு?

ஒருநாள் மூலையில் ஒரு சின்ன வட்டப் பொத்தானை அமுக்கினேன். சிவப்பாக எரிந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் அது ஒவ்வொரு வரியாகப் பதிந்துகொண்டே வந்தது. நிறுத்திவிட்டு வேறொரு படத்தைத் திறந்து, பதிந்ததை ஓட்டினேன். நான் கால் மணி நேரம் செய்த வேலையை அது கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிட்டது.

"யோவ், இது அட்டை!" என்று கத்தினேன். மருமகன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "அது நாநூறாம் பக்கத்துல வரும்" என்றார்.

அப்படித்தான் என் "மஞ்சள் வெயில்" எஃபெக்ட் பிறந்தது. தோலை வழவழப்பாக்கும், கண்ணைக் கூர்மையாக்கும், மாநிறத்தைச் சந்தன நிறமாக்கும். எஃப்-2 பட்டனை ஒரே ஒரு அமுக்கு. சித்தூர் ஜில்லாவில் வெயில் ஒரு டிகிரி குறையவில்லை; ஆனால் ஆல்பத்துக்குள் எல்லோரும் வெளுத்துப்போனார்கள். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த மாப்பிள்ளைகள் பெண்ணை முதலில் என் எஃபெக்டில் பார்த்தார்கள், பிறகு நேரில் பார்த்தார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த சண்டைகளுக்கு நான் பொறுப்பில்லை. அதற்குள் முதலாளி ஓய்ந்து, கடை என் கைக்கு வந்துவிட்டது. மருமகன் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தப் போய்விட்டார்.

3. ஒன்றைக் குறைத்தேன், ஒன்று கூடிப்போனது

புத்தூர், நகரி, சத்தியவேடு, பிச்சாட்டூர் என்று சுற்றுவட்டார ஸ்டூடியோக்காரர்கள் ஏழு பேர் மஞ்சள் வெயிலைக் கேட்டு நடையாய் நடந்தார்கள். முதலில் கொடுக்கவில்லை. பிறகு யோசித்தேன். என்னிடமே இருந்தால் அது எஃபெக்ட். ஏழு ஊருக்குப் போனால் நான் எஃபெக்ட் அண்ணன். கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சி.டி. மேல் ஒட்ட என் படத்தையே, அதே எஃபெக்ட் போட்டு, வட்டமாக வெட்டிவைத்தேன்.

ஆனால் அசலை யாராவது கொடுப்பார்களா? ஊரில் மீன்குழம்புக்குப் பேர்போன அம்மாக்கள் பக்குவம் சொல்லும்போது ஒரு சாமானை மறந்துபோவார்கள் இல்லையா, அந்த மாதிரி நானும் மறந்துபோகத் தீர்மானித்தேன். சந்தன நிறம் வருவதற்குக் கடைசியில் ஒரு சின்னத் திருகல் இருந்தது. அதை விட்டுவிட்டு, மற்றதை மட்டும் புதிதாக ஒரு தடவை பதிந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அப்போது மானிட்டரில் திறந்திருந்தது ஒரு தெலுங்குக் கல்யாணப் பெண்ணின் குளோசப் படம். அதிலேயே பதிவை ஆரம்பித்தேன்.

தோலை வழவழப்பாக்கினேன். பின்னாலிருந்து ஒரு குரல். பெண்ணின் தாயார் ஆல்பம் கேட்டு வந்து, எப்போதோ என் தோளுக்குப் பின்னால் நின்றிருக்கிறார்.

"மா அம்மாயி புக்க சுக்க ஏதி?"

தெலுங்குக் கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் கன்னத்தில் மையால் ஒரு திருஷ்டிப் பொட்டு வைப்பார்கள். அதைத்தான் எங்கே என்று கேட்டார். வழவழப்பாக்கியதில் அது கரைந்துபோயிருந்தது.

"இதோ வந்துடுச்சும்மா" என்று கன்னத்தில் ஒரு வட்டம் செலக்ட் பண்ணி, கறுப்பை ஊற்றினேன். பிரஷ்ஷால் தொட்டு வைத்திருந்தால் அந்தக் காலத்து சாஃப்ட்வேரில் பதிவாகியிருக்காது. வட்டம் போட்டு ஊற்றினால் பதிவாகும். சிவப்புப் பொத்தான் எரிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா போன பிறகு மிச்ச வேலையை முடித்து, நிறுத்தி, சி.டி.யில் ஏற்றினேன். நான் எப்போதும் அளவை அங்குலத்தில் வைக்கமாட்டேன், சதவீதத்தில்தான் வைப்பேன். படம் பெரியதோ சிறியதோ, போட்டது போட்ட இடத்தில் விழும். அந்தக் கெட்டிக்காரத்தனமும் சி.டி.யில் ஏறிக்கொண்டது.

ஒரு முழம் ஓட்டிப் பார்க்கவில்லை. அசலில்லாத நகலை எதற்கு ஓட்டிப் பார்ப்பது என்று நினைப்பு.

4. பொட்டுக்கு இருந்த மரியாதை

கான்ஸ்டபிள் வந்த அன்றே சுதாகரை வரவழைத்தேன். கான்ஸ்டபிள் கடையிலேயே உட்கார்ந்திருந்தார்; நான் சி.டி.யைப் போட்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ஐந்தாவது வரியில் என் வட்டம் உட்கார்ந்திருந்தது.

"எட்டு மாசமா மூஞ்சி மூஞ்சிக்குப் பொட்டு வுழுது. உனக்கு ஒரு வார்த்த கேக்கத் தோணலியா சுதாகரு?"

"தோணிச்சிண்ணா. ஆனா நீங்க வச்சது. ஏதோ கைராசிப் பொட்டுன்னு நெனச்சிக்கினோம். புத்தூருகாரு அத எடுத்துட்டு ஓட்டிப் பாத்தாராம், உங்க கடைல வர்ற கலரு வர்லியாம். அதனால யாரும் கை வைக்கல."

கலர் வராததற்குக் காரணம் நான் திருடி வைத்துக்கொண்ட அந்தத் திருகல். அதை நான் எங்கே சொல்வது? கான்ஸ்டபிள் எதிரில் உட்கார்ந்து என் செலவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்போர்ட் போட்டோக்கு ஏன்யா எஃபெக்ட் போட்ட?" என்று அவர் சுதாகரைக் கேட்டார்.

"குவைத்துக்குப் போறவங்க கொஞ்சம் நல்லா தெரியணும்னு கேக்கறாங்க சார். கல்யாணப் படத்துல பொட்டு அங்க இங்க வுழும். ஒரு மாமனாருக்கு மூக்கு மேலயே வுழுந்துட்ச்சி. பாஸ்போர்ட் சைஸ்ல மட்டும் எல்லாருக்கும் கரெக்டா கன்னத்துல வந்து குந்திக்கும்."

மிச்சத்தைக் கான்ஸ்டபிளே சொன்னார். மண்டல ஆபீஸ் எதிரில் மரத்தடியில் ஃபாரம் எழுதுகிறவர், அடையாளம் என்ற கட்டம் வந்ததும் ஆளைக் கேட்கமாட்டார். ஆளைக் கேட்டால் தழும்பு, காயம், கதை என்று நேரமாகும். படத்தைப் பார்ப்பார். மச்சம் இருக்கும். எழுதிவிடுவார். நான்கு பேருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஃபாரம் எழுதுகிறவருக்கு மச்சம் தெரியும்.

"நான் ஒரு லெட்டர் எழுதித் தரேன் சார், என் எஃபெக்டால வந்துதுன்னு" என்றேன். சொல்லும்போதே, ஏழு ஊர் ஸ்டூடியோக்களும் சிரிக்கிற சத்தம் காதில் கேட்டது.

"லெட்டர் போட்டா ஃபாரம் திரும்பி வரும். புது போட்டோ ஒட்டி மொதல்ல இருந்து வரணும். நாலு மாசமோ ஆறு மாசமோ." அவர் எழுந்துகொண்டார். "திங்கக்கெழம மறுபடி பிச்சாட்டூரு வருவேன். மூஞ்சியப் பாத்து எழுதறவன் நானு. இருந்தா இருக்குதுன்னு எழுதுவேன், இல்லன்னா இல்லன்னு எழுதுவேன். அவ்ளோதான்."

5. கன்னியம்மா கேட்ட பிரிண்ட்

மூன்று பெண்கள் புதிதாக மனுப் போட ஒத்துக்கொண்டார்கள். நான்காவது ஆள் கன்னியம்மா. பிச்சாட்டூர் ஏரிக்கு அந்தாண்ட கூலி வேலை செய்துகொண்டிருந்தவள். அவள் தங்கை ஏற்கெனவே குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் செய்தாள். நோன்பு மாதத்தில் அந்த வீட்டில் சமையல் இரண்டு மடங்கு. இன்னொரு ஆள் வேண்டும், உன் அக்காவை வரச்சொல் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். நோன்பு ஆரம்பிப்பதற்குள் வந்தால் அவள். வராவிட்டால் வேறு யாரோ. இரண்டு பெண் பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு, கன்னியம்மா அந்த ஒரு வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்துக் கடைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"நீதானா அது, என் மூஞ்சில கரி வச்ச ஆளு?"

கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். "உள்ள வாம்மா, உக்காரு" என்றேன்.

"உக்கார நேரம் இல்ல. சுதாகரு அண்ணன் எல்லாம் சொல்ட்டாரு. இப்ப இன்னா பண்ணலாம்ன்ற?"

"புதுசா அப்ளை பண்ணிடலாம்மா. போட்டோ நானே எடுக்கறேன். ஃப்ரீ."

"போட்டோ ஃப்ரீ. நோன்பு நிக்குமா எனக்காக? அதுவும் ஃப்ரீயா நிக்குமா?"

துணியை எடுத்து மானிட்டரைத் துடைத்தேன். அமெரிக்கா மாப்பிள்ளைகளுக்கெல்லாம் பதில் வைத்திருந்த ஆள் நான்.

அவள் மானிட்டரைப் பார்த்தாள். "இந்தக் கம்ப்யூட்டரு பொட்டில ஒரு பட்டன அமுக்குனா போட்டோல மச்சம் வந்துடுதில்ல?"

"வரும்."

"மூஞ்சில வருமா?"

"எப்பிடிம்மா வரும்?"

"வராதில்ல. அப்ப நானே வச்சிக்கறேன். சந்தைல பச்சை குத்தற அம்மா நாளைக்கு வருது. எந்த எடம்னு அதுக்குத் தெரியணும். என் போட்டோவ நெஜ மூஞ்சி அளவுக்குப் பெருசு பண்ணிக் குடு."

"மையில வச்சிக்கம்மா, திங்கக்கெழம காட்டிட்டு அழிச்சிடலாம்" என்றேன்.

"ஏர்போட்டுல பாக்கமாட்டானா? அங்க எறங்குனா பாக்கமாட்டானா? வேர்த்தா ஒழுகாதா? போட்டோவும் மூஞ்சியும் ஒண்ணா இருந்தா எவன் கேப்பான்?"

நான் இங்கே நல்லவனாக எழுதிக்கொள்ளலாம். 'வேண்டாம் தாயே, நானே ஆபீசுக்குப் போய்ப் பேசுகிறேன்' என்று சொன்னதாக எழுதலாம். சொல்லவில்லை. அவள் குத்திக்கொண்டால் லெட்டர் எழுத வேண்டியதில்லை, ஏழு ஊர் சிரிக்க வேண்டியதில்லை என்று என் மனசு கணக்காக ஒரு மூச்சு விட்டது. கான்ஸ்டபிள் வந்த அன்று சுதாகர் கொண்டுவந்திருந்த அவளுடைய ஃபைலைத் திறந்தேன். அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, நூலால் நெற்றியிலிருந்து முகவாய் வரைக்கும், காதிலிருந்து காதுக்கும் அளந்தேன். அந்த அளவுக்கே பெரிதாக்கிப் பிரிண்ட் போட்டேன். என் தொழிலில் நான் போட்ட பிரிண்ட்களிலேயே இம்மி பிசகாதது அதுதான்.

"கலர் நல்லா கீது" என்றாள். "இவ்ளோ செவப்பா நானு?"

திங்கள்கிழமை நான் பிச்சாட்டூர் போய் நின்றேன். கன்னியம்மாவின் இடது கன்னம் வீங்கி, நடுவில் பச்சையும் கறுப்புமாக ஒரு புள்ளி. கான்ஸ்டபிள் மனுவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி மனுவைப் பார்த்தார்.

"போன வாரம் இல்லியே. அதுக்குள்ள மொளச்சிட்ச்சா?"

"என் மூஞ்சி சார். அதுக்கு எப்ப இஷ்டமோ அப்ப மொளைக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன். எப்போதிலிருந்து மச்சம் இருக்கிறது என்று ஃபாரத்தில் கட்டம் இல்லை. "உந்தி, இருக்குது" என்று சொல்லிக்கொண்டே எழுதிக் கையெழுத்துப் போட்டார். நோன்பு தொடங்குவதற்கு ஒன்பது நாள் முன்னால் கன்னியம்மா விமானம் ஏறினாள்.

6. ஓட்டிப் பார்த்தது

அதற்கப்புறம் வட்டத்தை எடுத்துவிட்டு, நான் ஒளித்துவைத்த திருகலையும் சேர்த்து, அசலையே ஏழு சி.டி.யில் ஏற்றினேன். பஸ்ஸில் ஏழு ஊருக்கும் நானே கொண்டுபோனேன். என் படத்தை மேலே ஒட்டவில்லை. ஐந்து பேர் வாங்கிக்கொண்டார்கள். புத்தூர்க்காரர், "பழசுலயே இருக்கட்டும்ண்ணா, பொட்டு இல்லன்னா கஸ்டமர் ஒத்துக்கமாட்டேன்றாங்க" என்று திருப்பிக் கொடுத்தார். நகரிக்காரர் இரண்டையும் வைத்துக்கொண்டு, பொட்டு வைத்ததை 'ஸ்பெஷல்' என்று விற்றார். ஒரு தப்பு ஊருக்குள் போய் வியாபாரமாகிவிட்டால், பெற்றவன் கூப்பிட்டாலும் திரும்பி வராது.

இப்போது போனில் பிள்ளைகள் முகத்தை ஒரே அமுக்கில் மாற்றுகிற பிரீசெட் ஆளுக்கு நூறு வைத்திருக்கிறார்கள். உலகத்தின் எந்த மூலையிலோ எவனோ பதிந்தது. அவன் பதியும்போது பின்னால் எந்த அம்மா நின்றாள், அவன் எதை ஒளித்தான் என்று யாருக்கும் தெரியாது. வாங்குவதை வாங்குங்கள், கொடுப்பதைக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் உங்கள் மூஞ்சியில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். தறி மேஸ்திரி சொன்ன பாடம்தான். நான் லேட்டாகப் பாஸானவன்.

நானும் ஓட்டினேன். அந்தப் பழைய சி.டி.யை என்னுடைய பாஸ்போர்ட் சைஸ் படத்தில் ஓட்டி, கல்லாவுக்கு மேலே சட்டம் போட்டு மாட்டினேன். சந்தன நிறத்தில் பாதிதான் வந்த முகம், இடது கன்னத்தில் மிளகு மாதிரி மச்சம். அது ஏன் என்று கேட்கிறவர்களுக்கு, அதிர்ஷ்ட மச்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏழெட்டு வருஷம் கழித்து கன்னியம்மா லீவில் வந்தாள். பெரிய பெண்ணின் காலேஜ் அட்மிஷனுக்குப் படம் எடுக்க, அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கன்னியம்மாவின் கன்னத்தில் அந்தப் புள்ளி அப்படியே இருந்தது. கொஞ்சம் நீலம் பாய்ந்திருந்தது. மகள் மேக்கப் அறைக்குள் போனதும் அவள் சட்டத்தைப் பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள்.

"அண்ணா, இது நீதானா?"

"நான்தாம்மா."

தன் கன்னத்தை ஒரு தடவை தொட்டுக்கொண்டாள்.

"உனக்கு மட்டும் ஊசி குத்தாமயே வந்துட்ச்சா?"